ஈஸ்டை மாற்றும் முன் ஹாப்ஸ் பையை முகர்ந்து பாருங்கள்

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். டாலஸில் வீட்டிலேயே பேல் ஏல் பியர் போடுகிறீர்கள், இது ஐந்தாவது முறை. மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியின் சாறு), யுஎஸ்-05 என்ற உலர் ஈஸ்ட், வசந்த காலத்தில் வாங்கிய ஒரு பவுண்டு கேஸ்கேட் ரக ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ), அது ஜிப் பையில் போட்டு பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. பாட்டிலில் அடைத்துக் குமிழி வந்ததும் ஆரஞ்சுத் தோல் வாசனை தூக்குகிறது, ஐந்தாவது வாரத்தில் அந்த வாசனை காணாமல் போய், நனைந்த அட்டைப்பெட்டியில் தேன் ஊற்றிய மாதிரி ஒரு ருசி, நிறமும் கறுத்துவிடுகிறது. எந்தத் திரவ ஈஸ்டுக்கு மாறலாம், ஹாப்ஸ் பிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும் என்று இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்கு என் பதில், மாற வேண்டாம். இப்போதைக்காவது வேண்டாம். உங்கள் பியரைக் கெடுப்பது ஈஸ்ட் இல்லை, காற்று.

எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஈஸ்ட் செய்த தவறு முதல் பாட்டிலிலேயே தெரியும். பச்சை ஆப்பிள் வாடை அடித்தால் ஈஸ்ட் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டு எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். தியேட்டர் பாப்கார்னில் ஊற்றும் வெண்ணெய் மாதிரி இருந்தால் டைஅசிட்டைல், ஈஸ்ட் உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்ட பொருள். நெயில் பாலிஷ் நெடி, தொண்டையில் ஏறும் சூடு, மறுநாள் தலைவலி என்றால் அதிக வெப்பத்தில் புளித்திருக்கிறது. இவை எல்லாமே ஆரம்பத்தில் இருந்து, பல நேரம் நாளாக ஆகக் குறைகிற குற்றங்கள். உங்களுக்கு நடப்பது நேர் எதிர்: நன்றாக இருந்தது கெட்டுப்போகிறது, அதுவும் நிறம் மாறி. வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பாவதைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, ஏறத்தாழ அந்தக் கதைதான்.

நானும் இதே குழியில் விழுந்தவன். ஓரிகனுக்குக் குடிவந்த புதிதில் ஒரு வருடத்தில் ஆறு வகை ஈஸ்ட் மாற்றிப் பார்த்தேன், ஒவ்வொன்றும் முதலில் பிரமாதம், அப்புறம் அட்டைப்பெட்டி. கடைசியில் வெறுத்துப்போய் ஒரே பியரை இரண்டாகப் பிரித்தேன். பாதியை வழக்கம்போல ஒரு வாளிக்கு மாற்றிச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கரண்டியால் கலக்கி பாட்டிலில் அடைத்தேன், மீதியைப் பெர்மென்டரின் (பியர் புளிக்கும் கலனின்) குழாயிலிருந்தே நேராகப் பாட்டிலில் பிடித்தேன். ஆறு வாரம் கழித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றினால் ஒன்று வைக்கோல் நிறம், இன்னொன்று பழைய செப்புக்காசு. ஈஸ்ட் ஒன்று, ஹாப்ஸ் ஒன்று, வித்தியாசம் அந்தக் கரண்டி மட்டும்தான்.

சரி, ஈஸ்டைப் பற்றியும் கேட்டீர்கள், அதைச் சொல்லிவிட்டு ஹாப்ஸுக்கு வருகிறேன்.

அமெரிக்க பேல் ஏல் என்று இன்று நாம் சொல்வதற்கு முன்மாதிரி, கலிபோர்னியாவின் சிக்கோ ஊரில் கென் கிராஸ்மன் 1980இல் போடத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏல். அதன் வாசனை கேஸ்கேட் ஹாப்ஸுடையது. அமெரிக்க வேளாண் துறை ஓரிகனில் வளர்த்தெடுத்து 1972இல் வெளியிட்ட ரகம். அதன் ஈஸ்ட், அந்த ஊர்ப் பெயராலேயே சிக்கோ ஈஸ்ட் என்று வழங்குகிறது. பெர்மென்டிஸ் நிறுவனத்தின் யுஎஸ்-05, வையீஸ்ட் 1056, ஒயிட் லேப்ஸின் டபிள்யூஎல்பி001 எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, ஆனால் உங்கள் வீட்டில் வெப்பநிலை ஏறி இறங்குவதால் வரும் வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆக நீங்கள் ஏற்கெனவே சரியான ஈஸ்டைத்தான் வைத்திருக்கிறீர்கள். அதன் சிறப்பே தன் வாசனையை முன்னால் நிறுத்தாமல் ஹாப்ஸைப் பேசவிடுவது.

இன்னொன்று, டாலஸ் கோடையில் திரவ ஈஸ்டைத் தபாலில் வரவழைக்கிறீர்கள் என்றால் அது வேனில் வெந்து பாதி செத்துத்தான் வந்து சேரும். ஐஸ் பொட்டலம் வைத்தாலும் இரண்டு நாளில் அது வெந்நீர்ப் பொட்டலம். உலர் ஈஸ்டுக்கு அந்த வம்பு இல்லை. 11.5 கிராம் பாக்கெட் ஒன்று, 1.055 வரை கிராவிட்டி (கரைந்த சர்க்கரையால் வரும் அடர்த்தி) உள்ள 20 லிட்டருக்குத் தாராளம். திரவ ஈஸ்டில் 10,000 கோடி செல் உள்ள பாக்கெட் அதே வோர்ட்டுக்கு (இன்னும் புளிக்காத மால்ட் சாற்றுக்கு) ஏறத்தாழப் பாதிதான் தேறும், அதனால் 2 நாள் முன்பே ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் உலர் எக்ஸ்ட்ராக்ட் என்ற கணக்கில் காய்ச்சி ஆறவைத்து அதில் ஈஸ்டை வளர்த்தெடுக்க வேண்டும். அது ஒரு தனி சந்தோஷம், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் பிரச்சினைக்கு மருந்து அது இல்லை.

மாறியே தீருவேன் என்றால், எதற்காக மாறுகிறீர்கள் என்று தெரிந்து மாறுங்கள். ஆங்கிலேய ஈஸ்ட்கள், எஸ்-04, வையீஸ்ட் 1968, டபிள்யூஎல்பி002, இவை கொஞ்சம் பழவாசனை தரும், சீக்கிரம் அடியில் படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும், பியர் பளிச்சென்று தெளியும். பின்னிரண்டும் சர்க்கரையை முழுதாகத் தின்னாது. 1.052இல் தொடங்கிய பியரை யுஎஸ்-05 ஏறத்தாழ 80 சதவீதம் தின்று 1.010க்குக் கொண்டுவரும், 1968 போன்ற ஒன்று 68 சதவீதத்தோடு 1.017 பக்கம் நின்றுவிடும். அந்த ஏழு புள்ளி நாக்கில் நன்றாகத் தெரியும்: முன்னது கசப்பு கூர்மையாக, நீர்த்த மாதிரி ஓடும், பின்னது கெட்டியாக, மால்ட் இனிப்போடு. அதே அளவு ஹாப்ஸ் போட்டாலும் கசப்பு குறைவாகத்தான் படும். தவிர, ஈஸ்ட் படியும்போது ஹாப்ஸின் கசப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் தன்மேல் ஒட்டிக்கொண்டு கீழே போகிறது என்பதால் சீக்கிரம் படிகிற ஈஸ்டுக்கு ஹாப்ஸ் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். மங்கலான, மாம்பழச் சாறு போன்ற பேல் ஏல் வேண்டுமென்றால் வையீஸ்ட் 1318. ஹாப்ஸில் உள்ள ஜெரானியால் போன்ற எண்ணெய்களை ஈஸ்ட் வேறு வாசனைகளாக மாற்றுகிறது என்பதும் உண்மைதான், ரோஜா வாடையுள்ள ஜெரானியாலை எலுமிச்சை வாடையுள்ள சிட்ரோனெல்லாலாக மாற்றுவது ஆய்வில் காட்டப்பட்ட விஷயம். ஆனால் வாசனையே தங்காத பியரில் இந்த நுணுக்கம் எதற்கு?

ஈஸ்டில் நீங்கள் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது வெப்பம். அலமாரிக்குள் 23, 24 டிகிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது அலமாரியின் வெப்பம். புளிக்கும்போது ஈஸ்டே சூடு கிளப்பும், உச்சத்தில் வெளியைவிட 3 முதல் 5 டிகிரி உள்ளே அதிகம் இருக்கும், ஆக உங்கள் ஈஸ்ட் 27, 28இல் வேலை செய்கிறது. யுஎஸ்-05 பொறுத்துக்கொள்ளும், ஆனால் விரும்பாது. நம் வீடுகளில் குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்குவதற்காக விளக்கு எரியும் அடுப்புக்குள் வைத்துக் கெஞ்சுவோமே, இதற்கு அப்படியே தலைகீழ். பெர்மென்டரை ஒரு பெரிய தொட்டியில் நிறுத்தி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, காலையும் மாலையும் உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றை மிதக்கவிடுங்கள். பழைய பனியன் ஒன்றைப் பெர்மென்டருக்குப் போர்த்தி அதன் ஓரம் தண்ணீரில் தொங்கும்படி விட்டால், மண்பானை குளிர்கிற அதே தந்திரம். முதல் மூன்று நாள் 18 டிகிரியில் பிடித்துவைத்தால் போதும், வாசனை தீர்மானமாவது அந்த நாட்களில்தான். அப்புறம் 20, 21க்குத் தானாக ஏறவிடுங்கள், அது ஈஸ்ட் தன் குப்பையைத் தானே சுத்தம் செய்ய உதவும். ரொம்பக் குளிர்விக்கவும் வேண்டாம், யுஎஸ்-05 15 டிகிரி பக்கம் போனால் ஒரு பீச் பழ வாசனை காட்டும், அது எனக்குப் பிடிக்காது, சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள்.

ஜூலையில் 18 டிகிரி சாத்தியமே இல்லை என்றால் போராடாதீர்கள். நார்வேயின் பண்ணை வீடுகளிலிருந்து வந்த குவைக் ஈஸ்ட்கள் இருக்கின்றன, வோஸ் என்ற வகை 35 முதல் 40 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடும், உலர் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. ஆரஞ்சு வாசனை தருவதால் கேஸ்கேடோடு சண்டை போடாது. டெக்சஸ் கோடைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இனி ஹாப்ஸ். உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது ஜிப் பையும் பிரிட்ஜ் கதவும்தான்.

ஹாப்ஸ் பூவின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி இருக்கும், லுபுலின். கசப்புக்கான ஆல்ஃபா அமிலமும், வாசனைக்கான எண்ணெய்களும் அதில்தான். மிர்சீன், லினாலூல், ஜெரானியால், ஹ்யூமுலீன் என்று அந்த எண்ணெய்களுக்குப் பெயர்கள். இவை பெருங்காயம், ஏலக்காய் மாதிரிச் சமாசாரம்: டப்பாவைத் திறந்து வைத்தால் வாசனை வீட்டுக்கு, சமையலுக்கு மிச்சம் கிடையாது. கூடவே ஆக்சிஜன் பட்டால் ஆல்ஃபா அமிலம் சிதைந்து ஐசோவலெரிக் அமிலம் உண்டாகிறது, அதன் வாசனை பழைய சீஸ், இரண்டு நாள் போட்ட சாக்ஸ். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சீஸ் வாடை வந்த பிறகு யாரும் ஏமாற மாட்டார்கள், ஆனால் அதற்கு வெகு முன்பே நல்ல வாசனை போய்விட்டிருக்கும். அந்த நடுவாந்திர நிலை ஹாப்ஸுக்குக் கெட்ட வாடையும் இல்லை, நல்ல வாடையும் இல்லை, காய்ந்த புல் மாதிரி இருக்கும், உங்களுடையது அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எல்லா ரகமும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் கேஸ்கேட் இருக்கிறதே, அது வாசனையில் ராணி, சேமிப்பில் பரிதாபம். 20 டிகிரியில் ஆறு மாதம் வைத்தால் ஆல்ஃபாவில் பாதிதான் மிஞ்சும். அதே நிலையில் மேக்னம் 80 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றிக்கொள்ளும். எனவே 60 நிமிடம் கொதிக்கிற கசப்புக்கு மேக்னம் போன்ற ஒன்றைப் போடுங்கள், கேஸ்கேடைக் கடைசி நிமிடங்களுக்கு மட்டும் வையுங்கள். ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் அதன் வாசனை எப்படியும் சமையலறைக் கூரைக்குத்தான் போகிறது.

ஹாப்ஸ் வருடத்துக்கு ஒரு முறை அறுவடையாகும் பயிர். வாஷிங்டனின் யாக்கிமா பள்ளத்தாக்கிலும் ஓரிகனின் வில்லாமெட் பக்கத்திலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. ஆகவே நீங்கள் ஏப்ரலில் வாங்கிய பை, நீங்கள் வாங்கிய அன்றே குறைந்தது ஏழு மாதம் பழையது. அதில் தப்பில்லை, அடைத்துக் குளிரில் வைத்திருந்தால். பையின் மேல் அறுவடை ஆண்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள், போடாதவர்களிடம் நான் வாங்குவதில்லை. ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி, நியூசிலாந்தின் நெல்சன் சாவின் போன்றவை பிப்ரவரி முதல் ஏப்ரல் வாக்கில் அறுவடையாகின்றன என்பதால் ஒரே ஆண்டு எண் போட்டிருந்தாலும் அவை நம் ஊர் ஹாப்ஸைவிட அரை வருடம் மூத்தவை, இதையும் கணக்கில் வையுங்கள்.

ஒரு தடவை ஒரு கடையில் சுவரில் ஆணியடித்து ஹாப்ஸ் பைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள், பாதி விலை. சந்தோஷமாக அரைக் கிலோ அள்ளிக்கொண்டு வந்தேன். வெளிச்சம், அறை வெப்பம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், இந்த மூன்றையும் பார்த்தும் புத்தி வரவில்லை. அந்த பியரைப் பற்றி என் மனைவி சொன்னது, "ஜிம் பையைத் திறந்த மாதிரி இருக்கு." பெல்ஜியத்தில் லாம்பிக் பியருக்கு வேண்டுமென்றே பழைய ஹாப்ஸைத்தான் போடுவார்கள், அவர்களுக்கு வாசனை வேண்டாம், கிருமியை அடக்கும் குணம் மட்டும் போதும் என்று நான் அவளுக்கு விளக்கிப் பார்த்தேன். எடுபடவில்லை.

எப்படிக் காப்பது? ஜிப் பை பாலிஎத்திலீன், தண்ணீரைத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது, மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். வேண்டியது உள்பக்கம் அலுமினியப் படலம் உள்ள பை, அல்லது வாக்யூம் சீலருக்கான தடித்த பல அடுக்குப் பை. பிரிட்ஜும் போதாது, பிரீஸர். ஹாப்ஸ் கெடும் வேகம் ஒவ்வொரு 15 டிகிரி குறையும்போதும் பாதியாகிறது என்று ஒரு நல்ல கைக்கணக்கு உண்டு, அதன்படி 20 டிகிரி அறையிலிருந்து மைனஸ் 18க்குப் போனால் வேகம் ஆறில் ஒரு பங்கு. காற்றையும் நீக்கினால் இன்னும் நன்று. காற்றில்லாமல் அடைத்துப் பிரீஸரில் வைத்த பெல்லட் (ஹாப்ஸை அரைத்து அமுக்கிய துண்டு) இரண்டு வருடம் கழித்தும் எனக்கு நன்றாகவே வந்திருக்கிறது. வெறும் பிரிட்ஜில், திறந்த பையில் என்றால், கேஸ்கேடுக்கு ஒரு மாதத்துக்கு மேல் நான் நம்ப மாட்டேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில்.

பெரிய பை வாங்குங்கள், விலை குறைவு, அதில் தவறே இல்லை. ஆனால் திறக்கும் நாளன்றே முழுவதையும் பிரித்துவிட வேண்டும். ஒரு பவுண்டு என்பது 454 கிராம், ஐம்பது ஐம்பது கிராமாக ஒன்பது பை, ஒவ்வொன்றிலும் ரகம், ஆண்டு, ஆல்ஃபா சதவீதம் எழுதி சீல் செய்து பிரீஸரில் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் முழுப் பையைத் திறந்து மூச்சுவிட வைக்க வேண்டாம். எடுக்கும்போது பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள், இல்லையென்றால் குளிர்ந்த பெல்லட்மேல் காற்றின் ஈரம் வியர்த்துவிடும். முழுப் பூவா பெல்லட்டா என்று கேட்டால், சேமிக்க பெல்லட்தான். அமுக்கி வைத்ததால் காற்று படும் பரப்பு குறைவு. சியரா நெவாடா முழுப் பூவைத்தான் கொண்டாடுகிறது என்றாலும் அவர்களிடம் பெரிய குளிர்பதனக் கிடங்கு இருக்கிறது, நம்மிடம் மீன் விரல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மூலை.

சில விற்பனையாளர்கள் எச்எஸ்ஐ என்று ஒரு எண் கொடுக்கிறார்கள், ஹாப்ஸ் சேமிப்புக் குறியீடு. 275, 325 நானோமீட்டர் ஒளியை ஹாப்ஸ் சாறு எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் விகிதம். 0.3க்குக் கீழே என்றால் புதியது, 0.4ஐத் தாண்டினால் நான் வாசனைக்கு வாங்க மாட்டேன். எண் கிடைக்காவிட்டால் உள்ளங்கை போதும்: இரண்டு பெல்லட்டை நசுக்கித் தேய்த்து, கை சூடானதும் முகருங்கள். முகர்ந்ததும் வாயில் எச்சில் ஊற வேண்டும். யோசிக்க வேண்டியிருந்தால் அது பழசு.

சரி, ஹாப்ஸைப் பையில் காப்பாற்றிவிட்டீர்கள். அடுத்த ஆபத்து பியருக்குள். இங்கேதான் ஈஸ்டும் ஹாப்ஸும் ஒன்று சேர்கின்றன, அதனால்தான் இரண்டையும் ஒரே பதிலில் எழுதுகிறேன்.

உயிரோடு வேலை செய்கிற ஈஸ்ட் ஆக்சிஜனைத் தேடிப் பிடித்துத் தின்னும். ஆகவே டிரை ஹாப், அதாவது கொதிக்கவைக்காமல் நேராகப் பெர்மென்டருக்குள் போடும் ஹாப்ஸ், அதைப் போடுவதற்கு நல்ல நேரம் எல்லாம் முடிந்து அமைதியான பிறகு இல்லை, கிராவிட்டி இன்னும் மூன்று நான்கு புள்ளி இறங்க வேண்டியிருக்கும்போது. பெல்லட்டோடு சேர்ந்து உள்ளே போகும் காற்றை ஈஸ்ட் துடைத்துவிடும், மூடியைத் திறந்ததால் வெளியேறிய கார்பன் டை ஆக்சைடையும் மறுபடி நிரப்பிவிடும். அளவு, லிட்டருக்கு 4 அல்லது 5 கிராம், உங்கள் 19 லிட்டருக்கு 80 முதல் 95 கிராம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேஸ்கேடை வைத்தே செய்த ஆய்வில் லிட்டருக்கு 8 கிராமுக்கு மேல் போட்டால் வாசனை அதற்கேற்ப ஏறவில்லை, மூலிகை, தேயிலை மாதிரியான குணம்தான் கூடியது என்று வந்தது. காசைக் கரைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் போதும், இரண்டு வாரம் ஊறவைக்கும் பழைய வழக்கத்தில் புல் ருசிதான் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் கொஞ்சம் இருக்கின்றன, ஈஸ்ட் தின்ன முடியாமல் விட்ட சர்க்கரையை அவை உடைத்துக் கொடுக்க, முடிந்துபோன பியர் மறுபடி புளிக்கத் தொடங்கும். ஹாப் கிரீப் என்கிறார்கள். புதுக் கண்டுபிடிப்பு மாதிரிப் பேசப்படுகிறது, ஆனால் இங்கிலாந்தில் பிரவுன், மாரிஸ் என்ற இருவர் 1893லேயே எழுதிவைத்த விஷயம். இதைக் கவனிக்காமல் பாட்டிலில் அடைத்தால் கண்ணாடி வெடிக்கும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிரை ஹாப் போட்ட பிறகு ஹைட்ரோமீட்டர் (கிராவிட்டி அளக்கும் கருவி) மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பிறகுதான் பாட்டில். ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் பியரை மூடிய பாத்திரத்தில் 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்து, ஆறியதும் முகருங்கள், டைஅசிட்டைலின் அந்த வெண்ணெய் வாடை வந்தால் இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும்.

பாட்டிலில் அடைக்கும் நாள்தான் உங்கள் பியர் சாகிற நாள். இரண்டாவது பெர்மென்டருக்கு மாற்றுவது, வாளிக்கு மாற்றுவது, கலக்குவது, இதையெல்லாம் விட்டுவிடுங்கள். குழாய் உள்ள பெர்மென்டரிலிருந்து நேராக, பாட்டிலின் அடிவரை போகும் நிரப்புக்குழாயால், சத்தமே இல்லாமல் நிரப்புங்கள். சர்க்கரையைப் பாட்டிலுக்குப் பாட்டில் போட்டுவிடலாம், 355 மில்லி பாட்டிலுக்குச் சாதாரணச் சர்க்கரை 2 கிராம். கழுத்தில் விடும் காலி இடத்தை வழக்கத்தைவிடக் குறையுங்கள், அங்கே இருக்கும் காற்று முழுவதும் கடைசியில் பியருக்குள்தான் போகும். நுரை எழுந்து வாயைத் தொடும் கணத்தில் மூடி போடுவது இன்னும் நல்லது. தெளியட்டும் என்று பெர்மென்டரைத் திடீரெனக் குளிர்வித்தால் உள்ளே காற்று சுருங்கி ஏர்லாக் (வாயு வெளியேறும் அடைப்பு) வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும், அதனால் அதையும் இப்போதைக்குத் தவிர்க்கலாம், பாட்டிலில் தானே தெளியும்.

அப்புறம் அந்தக் கேரேஜ். பாட்டில்களை அங்கே அடுக்கியிருக்கிறேன் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். டாலஸ் கேரேஜ் கோடையில் 40 டிகிரி. பியர் பழசாகும் வேகம் பத்து டிகிரிக்கு இரண்டு மூன்று மடங்கு கூடும், ஆக அங்கே ஒரு வாரம் என்பது பிரிட்ஜில் ஏறத்தாழ மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரைக்குச் சமம். வீட்டுக்குள் 20, 22 டிகிரியில் இரண்டு வாரம், குமிழி வந்ததும் எல்லாவற்றையும் பிரிட்ஜில் ஏற்றுங்கள், இடமில்லை என்றால் குறைவாகப் போடுங்கள். பழுப்பு பாட்டில் மட்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸின் கசப்புப் பொருளைக் குலைத்து ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்தை உண்டாக்கும், வெயிலில் சில நிமிடம் போதும்.

எக்ஸ்ட்ராக்டையும் ஒரு பார்வை பாருங்கள். திரவ எக்ஸ்ட்ராக்ட் டப்பாவிலேயே கறுத்துப் பழசாகும், நிறம் மாறுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். உலர் எக்ஸ்ட்ராக்ட் 2.6 கிலோவும் கால் கிலோ கிரிஸ்டல் மால்ட் ஊறவைத்த தண்ணீரும் 19 லிட்டருக்கு 1.052 பக்கம் கொண்டுவரும். அடுத்த முறை நான் போடுவது இப்படி இருக்கும்: 60 நிமிடத்துக்கு மேக்னம் 18 கிராம், கடைசிப் பத்து நிமிடத்துக்குப் புது கேஸ்கேட் 30 கிராம், அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு இறங்கியதும் 50 கிராம் போட்டு இருபது நிமிடம், டிரை ஹாப் 80 கிராம். ஒரு பவுண்டு பையில் கிட்டத்தட்ட மூன்று முறைக்கு வரும். ஈஸ்ட் அதே யுஎஸ்-05. மற்ற எல்லாவற்றையும் சரிசெய்து ஐந்தாவது வாரப் பாட்டில் தப்பித்துவிட்டது என்றால், அதற்கடுத்த முறை அதே கணக்கில் ஈஸ்டை மட்டும் 1318க்கு மாற்றிப் பாருங்கள், அப்போது உங்கள் நாக்குக்கு உண்மையான வித்தியாசம் தெரியும்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது அங்கேயும் ஒன்று போட்டுக் காட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூடாது. அமெரிக்காவில் 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வருடம் 100 கேலன், இருவர் இருந்தால் 200 வரை வரியில்லாமல் போடலாம், விற்கத்தான் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் தயாரிப்பதே குற்றம். "பியர் காய்ச்சினேன்" என்று சொன்னாலே நம் ஊரில் அடுத்த கேள்வி எந்தக் காட்டில் என்பதுதான்.

பிரிட்ஜ் கதவில் மிச்சம் இருக்கும் அந்தப் பழைய கேஸ்கேடை நசுக்கி முகர்ந்து, தேறாவிட்டால் கட்டி மூடிய குப்பைப் பையில் போடுங்கள், தோட்டத்து உரக்குழியில் கொட்ட வேண்டாம். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நாய் இருந்தால் ஹாப்ஸ் அதற்கு விஷம், உடல் வெப்பம் தாறுமாறாக ஏறிச் செத்தே போகலாம். டிரை ஹாப் போட்டு எடுத்த அடிச்சக்கைக்கும் இதேதான்.